வாடகை கன அடிக்கு: சென்னையிலிருந்து வெளியூருக்கு வீட்டுச் சாமானைக் குறைந்த செலவில் கொண்டுபோவது

பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ வீடு மாற்றப் போகிறவர் முதலில் செய்யும் காரியம், இணையத்தில் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கொட்டேஷன் கேட்பது. சற்று நேரத்துக்கெல்லாம் ஏழெட்டுப் பேர் கூப்பிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சிங்கிள் பெட்ரூமா, டபுள் பெட்ரூமா சார்?" பதில் வந்ததும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் சில சமயம் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும்.

அந்தத் தொகைகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் பாயும் பீரோவுமாகக் குடியிருக்கும் குடும்பம் உண்டு. அதே அளவு வீட்டில் இரண்டு பெரிய கட்டில், சோபா செட், சாப்பாட்டு மேஜை, மூன்று ஏசி என்று நிரப்பி வைத்திருக்கும் குடும்பமும் உண்டு. லாரியில் படுக்கையறை ஏறுவதில்லை, சாமான்தான் ஏறுகிறது. அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்குத்தான் வாடகை. தூரமும் டீசல் விலையும் நம் கையில் இல்லை. கன அடியும் புறப்படும் தேதியும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கின்றன. செலவு குறைவதெல்லாம் இந்த இரண்டில்தான், அதுவும் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே.

ஆகவே முதல் வேலை இஞ்ச் டேப்பை எடுப்பது. ஒவ்வொரு சாமானுக்கும் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்குங்கள். ஒரு சாதாரண சென்னைக் குடும்பத்தின் கணக்கு இப்படி வரும். டபுள் டோர் ஃபிரிட்ஜ் 24 கன அடி. வாஷிங் மெஷின் 12. ஆறரை அடி உயர இரும்பு பீரோ 31. ஐந்தடி அகல மெத்தை 16. கழற்றிய கட்டில் 10. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள அட்டைப்பெட்டி ஒன்று 3.4 கன அடி. அப்படி 30 பெட்டி என்றால் 101. டிவி 3, கிரைண்டரும் மிக்சியும் அடுப்பும் சேர்ந்து 6, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள் 8, அண்டாவும் குடமும் போட்ட மூட்டைகள் 12. மொத்தம் 223 கன அடி.

இப்போது சோபாவைச் சேருங்கள். மூன்று பேர் உட்காருவது ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம்: 58 கன அடி. ஒற்றை இருக்கை இரண்டும் தலா 27. ஆக 112. கணக்கு 223இலிருந்து 335க்குத் தாவிவிடுகிறது. எடையில் சோபா ஒன்றுமே இல்லை. ஆனால் அதன்மேல் கனமாக எதையும் ஏற்ற முடியாது, உள்ளேயும் எதையும் திணிக்க முடியாது. லாரிக்குள் காற்றுக்கு வாடகை கொடுப்பது போலத்தான்.

இந்த 112 கன அடி வண்டியையே மாற்றிவிடும். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸில் தளம் ஏழடி நீளம், தாங்கும் எடை முக்கால் டன். உள்ளூருக்கு நல்லது, வெளியூருக்கு ஒரு தனியாளின் சாமான்தான் அதில் அடங்கும். அடுத்தது பிக்கப். ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறடி உயரத்துக்கு அடுக்கினால் 297 கன அடி. பெட்டிகளுக்கு இடையில் விழும் சந்துகளைக் கழித்தால் ஐந்தில் நான்கு பங்குதான் உண்மையில் பயன்படும், அதாவது சுமார் 238. சோபா இல்லாத குடும்பம் இதில் அடங்கிவிடும். சோபாவோடு போகும் குடும்பத்துக்கு 14 அடி ஐச்சர் லாரி வேண்டும்: 14க்கு 6க்கு 6, 504 கன அடி, பயன்படுவது சுமார் 400. இரண்டு வண்டிகளின் வாடகையையும் கேட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் அந்த சோபாவின் பயணச் செலவு. தேவைக்கு மேல் பெரிய வண்டி எடுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாதி காலியான லாரியில் சாமான் ஆடும், நகரும், ஒன்றோடொன்று மோதும். இறுக்கமாக நிரம்பிய வண்டியில்தான் சேதம் குறைவு.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்பதற்கும் இதே கணக்குதான். உதாரணத்துக்கு, 14 அடி வண்டிக்கு ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்படும் 400 கன அடிக்குப் பிரித்தால் கன அடிக்கு 60 ரூபாய். சோபாவுக்கு 6,720. அதைச் சுற்றும் பிளாஸ்டிக்கும் நெளி அட்டையும் தனி. பீரோவுக்கு 1,860 ரூபாய்தான். புதிய பீரோ அதைப்போலப் பல மடங்கு விலை என்பதால் கொண்டுபோவதுதான் லாபம். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே அதன் பயணச் செலவையும், இங்கே விற்றால் கிடைப்பதையும், அங்கே திரும்ப வாங்க ஆவதையும் எழுதிப் பாருங்கள். பயணச் செலவும் விற்ற விலையும் சேர்ந்து, அங்கே வாங்கும் விலையைத் தாண்டினால் அந்தச் சாமான் சென்னையோடு நிற்கட்டும்.

சிலவற்றுக்குக் கணக்குக் கூடப் போட வேண்டியதில்லை. பார்ட்டிகிள் போர்டில் செய்த அலமாரியும் கட்டிலும் ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே திருகு ஓட்டை தளர்ந்துவிடும், ஏனென்றால் அது மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. இரண்டாம் முறை பூட்டும்போது திருகு பிடிக்காது. நாலைந்து வருடம் ஆனதென்றால் விற்றுவிடுங்கள். தேக்குக் கட்டில், இரும்புக் கட்டில் இரண்டையும் தயங்காமல் ஏற்றலாம். இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏஎச் அளவில் 50 கிலோவுக்கு மேல் கனக்கும், உள்ளே ஆசிட் இருக்கிறது. பலர் ஏற்றவே மாட்டார்கள். ஏற்றினாலும் சாய்ந்தால் பக்கத்துச் சாமான் பாழ். பழைய பேட்டரிக்கு எல்லாப் பேட்டரிக் கடையிலும் எக்ஸ்சேஞ்ச் விலை உண்டு. அதை இங்கேயே கொடுத்துவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

ஏசியில் மறைந்திருக்கும் செலவு அதிகம். கழற்றும் கூலி, அங்கே மாட்டும் கூலி, புதிய சுவருக்குப் போதாமல் போகும் காப்பர் பைப், வெளி யூனிட்டை நிறுத்த ஸ்டாண்ட், கேஸ் குறைந்திருந்தால் அதை நிரப்பும் செலவு. கழற்றும்போது மெக்கானிக் பம்ப் டவுன் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏசியை ஓடவிட்டு முதலில் மெல்லிய குழாயின் வால்வை மூட வேண்டும். கேஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் போனதும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் நட்டைத் தளர்த்தினால் கேஸ் முழுவதும் காற்றில் போய்விடும், அங்கே முழுச் செலவு. எட்டு வருடம் ஓடிய ஏசியைப் பெங்களூருக்குக் கொண்டுபோவது அநேகமாக வீண். அந்த ஊர் வானிலைக்கு ஏசி வேண்டுமா என்பதையே ஒரு கோடைக்குப் பிறகு முடிவு செய்யலாம்.

புத்தகம் கன அடியில் சிறியது, எடையில் பெரியது. லாரியில் இடமிருந்தால் அதோடு போகட்டும். இடமில்லை, அல்லது பலருடைய சாமானும் ஒரே வண்டியில் போகும் பார்ட் லோடில் எடை பார்த்துக் கூலி போடுகிறார்கள் என்றால் தபால் நிலையத்தில் கேளுங்கள். 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களை 5 கிலோ வரை ஒரு கட்டாக 100 ரூபாயும் வரியும் கொடுத்து அனுப்பலாம். பழைய வார இதழ்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் லாரி வாடகை கொடுப்பது நியாயமில்லை.

விற்பதற்கு ஒரு மாதம் வேண்டும். கடைசி வாரத்தில் விற்பவருக்குக் காயலான் கடை விலைதான் கிடைக்கும், வாங்க வருகிறவருக்கு உங்கள் அவசரம் தெரிந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் நல்ல விலை போகும். பணத்தை முன்பே வாங்கிக்கொண்டு, ஃபிரிட்ஜையும் கட்டிலையும் புறப்படும் நாளில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

<b>லாரிக்காரரின் கணக்கு</b>

சென்னையிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர். உங்களுக்காக ஒரு சென்னை வண்டி போனால் திரும்பி வருவதற்கும் டீசல் வேண்டும். 700 கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்தால் 87 லிட்டருக்கு மேல். நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று வழி நெடுக டோல், போகவும் வரவும். டிரைவருக்கு இரண்டு நாள் படி. திரும்பும்போது லோடு கிடைக்குமா என்று வண்டிக்காரருக்கு உறுதியில்லாததால் இரு வழிச் செலவையும் உங்கள் தலையில் வைத்துத்தான் அவர் பேசுவார். அதில் அவர்மேல் தப்பில்லை.

ஆனால் அதே நாளில் பெங்களூரிலிருந்து சரக்கு ஏற்றி வந்து மாதவரத்திலோ செங்குன்றத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இறக்கிவிட்டுத் திரும்பப் போகும் கர்நாடக வண்டிகள் எத்தனையோ நிற்கின்றன. அவற்றுக்கு நீங்கள் ரிட்டன் லோடு. காலியாகப் போவதைவிடக் கிடைத்தது லாபம் என்பதால் வாடகை நன்றாகக் குறையும். மாதவரம், புழல் பக்கமுள்ள லாரி புக்கிங் ஆபீஸ்களில் நேரில் போய், எந்த ஊர், எத்தனை அடி வண்டி, எந்த மூன்று நாட்களுக்குள் என்று சொல்லிவைக்க வேண்டும். இன்ன தேதி இன்ன மணி என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கு ரிட்டன் வண்டி சரிப்படாது. மூன்று நாள் இடைவெளி தருகிறவருக்குத்தான் அது. கோயம்புத்தூர், மதுரை, ஹைதராபாத் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சரக்குப் போக்குவரத்து நிறைய இருக்கும் ஊர் எதுவானாலும் ரிட்டன் வண்டி கிடைக்கும்.

இதில் இரண்டு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. லாரிக்காரர் வண்டி மட்டும்தான் தருவார். ஏற்றும் ஆட்கள், இறக்கும் ஆட்கள், பேக்கிங் எல்லாம் நம் பொறுப்பு. பிக்கப் அளவு சாமானுக்கு மூன்று பேரும், 14 அடி வண்டிக்கு நான்கு பேரும் வேண்டும். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, பீரோ லிஃப்டில் நுழையுமா என்பதைச் சொல்லியே கூலி பேசுங்கள். மாடிக்கூலி என்று பிறகு கேட்க இடம் வைக்காதீர்கள். இரண்டாவது, பெரும்பாலும் மேலே திறந்த வண்டிதான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தார்ப்பாயை மட்டும் நம்பி மெத்தையை ஏற்றக் கூடாது. அந்த மாதங்களில் கூடுதலாகக் கொடுத்தாவது மூடிய கன்டெய்னர் வண்டி எடுங்கள்.

டெல்லி, புணே, கொல்கத்தா போன்ற தூர ஊர்களுக்கு 100, 150 கன அடி சாமான்தான் என்றால் முழு வண்டி கட்டுபடியாகாது. பார்ட் லோடுதான். பலருடைய சாமானும் ஒரே வண்டியில் போகும். வாடகை குறைவு, காத்திருக்க வேண்டிய நாள் அதிகம். சாமான் இங்கே ஒரு குடோனில் இறங்கும், அங்கே ஒரு குடோனில் இறங்கும், நடுவிலும் வண்டி மாறலாம். உடைசல் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நடப்பதில்லை, இப்படி இறக்கி ஏற்றும் இடங்களில்தான் நடக்கிறது. அதனால் பார்ட் லோடுக்குப் பேக்கிங் இரண்டு மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். டிவிக்கு மரச்சட்டம் அடித்தே ஆக வேண்டும்.

<b>தேதி</b>

மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும் வாடகை ஏறும், ஏனென்றால் எல்லா வீட்டு ஒப்பந்தமும் அப்போதுதான் முடிகிறது. சனி, ஞாயிறு அதற்கு மேல். மே, ஜூனில் பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் நகரும் காலம். முகூர்த்த நாள் ஞாயிறன்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாத நடுவில் செவ்வாய், புதன் போன்ற நாட்களில் பேரம் பேச இடம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் நம்மில் பலர் குடி போவதில்லை என்பதால் ஆட்களும் வண்டிகளும் எளிதாகக் கிடைக்கும்.

சாத்திரம் பார்க்கிறவர்களும் இதைப் பயன்படுத்தலாம். பால் காய்ச்சுவதும் சாமான் இறங்குவதும் ஒரே நாளில் நடந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல நாளில் சாமி படம், விளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு பால் பாத்திரம், ஒரு சின்ன அடுப்பு இவற்றோடு ரயிலேறிப் போய்ப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடலாம். முறைப்படி குடி புகுந்தாகிவிட்டது. லாரி அடுத்த வாரம் மலிவான நாளில் வரட்டும். தை மாதத்தில் நுழைய வேண்டியவர்கள் மார்கழியிலேயே வண்டி பேசிவைத்துவிடுவது இன்னும் நல்லது. வீட்டுக்காரரிடம் பேசி இரண்டு வீட்டு வாடகையும் ஒரு வாரத்துக்கு மேல் சேர்ந்து ஓடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடினால் மிச்சம் பிடித்தது போய்விடும்.

நேரமும் கவனிக்க வேண்டியது. சென்னைக்குள் கனரக வண்டிகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு உண்டு. பெரிய வண்டி என்றால் இரவில் அல்லது விடியற்காலையில்தான் தெருவுக்கு வரும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரி சந்துகளில் 14 அடி வண்டி நுழையவே நுழையாது. அப்போது குட்டி யானையில் இரண்டு மூன்று நடை கொண்டுபோய்ப் பெரிய வண்டியில் மாற்றி ஏற்றுவார்கள். அதற்கு ஷட்டில் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். தெருவையும் மின்கம்பியின் உயரத்தையும் வீட்டு வாசலையும் படமெடுத்து முன்பே அனுப்பிவிட்டால், இந்தக் கட்டணம் கொட்டேஷனிலேயே வந்துவிடும். போய்ச் சேரும் தெருவுக்கும் இதைச் செய்யுங்கள். பல அடுக்குமாடிகளில் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற இறக்க விடமாட்டார்கள். சங்கத்துக்குக் கட்டணமும் இருக்கலாம். வண்டி வாசலில் காத்து நின்றால் வெயிட்டிங் சார்ஜ் நம் தலையில்தான் விழும்.

<b>எதை நாமே கட்டுவது</b>

துணி, புத்தகம், பாத்திரம், பொம்மை, மளிகை இவற்றை நாமே கட்டலாம். ஃபிரிட்ஜ், பீரோ, கண்ணாடி மேஜை, டிவி இவற்றைப் பழகிய ஆட்களிடம் விடுவதே மேல். பாதி பேக்கிங் நாமே செய்கிறோம் என்று சொல்லித் தொகையைப் பேசுங்கள், ஆனால் ஒரு விளைவு தெரிந்திருக்க வேண்டும்: நாம் கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மருந்துக் கடைப் பெட்டிகள் கெட்டியானவை, சுத்தமானவை. கோயம்பேட்டில் ஆப்பிள் பெட்டிகள் கிடைக்கும், பாத்திரத்துக்கு நல்லது. பாத்திரமும் புத்தகமும் வைக்க ஐந்தடுக்கு அட்டை, துணிக்கு மூன்றடுக்கு அட்டை போதும். எந்தப் பெட்டியும் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடிப்பாகம் பிளக்கும், அல்லது தூக்குகிறவர் தொப்பென்று போடுவார். புத்தகத்துக்கு ஓரடிப் பெட்டிதான் சரி. சக்கரம் வைத்த சூட்கேஸ் அதைவிடச் சரி. இரண்டு அங்குல பிரவுன் டேப்பை அடிப்பக்க இணைப்பில் இரண்டு வரி ஒட்டி, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரி ஒட்டுங்கள்.

பீங்கான் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். மேலே இருக்கும் தட்டுகளின் பாரம் முழுவதும் அடித்தட்டின் நடுவில் இறங்கும், ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் அதுதான் முதலில் போகும். தட்டுகளை நிறுத்திவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காகிதம் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் சந்து இருக்கக் கூடாது. துண்டு, பழைய சேலை, தலையணை உறை எதையாவது திணியுங்கள். பபுள் ஷீட்டில் போகும் காசில் பாதி இதில் மிச்சமாகும். பெரிய அண்டாவுக்குள் குக்கர், குக்கருக்குள் டம்ளர், வாளிக்குள் வாளி என்று ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டால் பெட்டி எண்ணிக்கை நாலில் ஒரு பங்கு குறையும்.

பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதாதீர்கள். அடுக்கியபின் மேல்பக்கம் தெரியாது. இரண்டு பக்கவாட்டிலும் 'சமையல் 4/11' என்பதுபோல எழுதுங்கள். சமையலறைப் பெட்டி பதினொன்றில் நாலாவது என்று பார்த்ததும் தெரியும், ஒன்று குறைந்தாலும் தெரியும். கட்டில் திருகுகளை ஒரு சின்ன உறையில் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நல்லெண்ணெய், நெய், ஊறுகாய் மூன்றையும் இரண்டு வாரம் முன்பிருந்தே தீர்த்துவிடுங்கள். ஒரு ஊறுகாய் ஜாடி கசிந்தால் ஒரு பெட்டிப் பட்டுப்புடவை போய்விடும்.

ஃபிரிட்ஜை 24 மணி நேரம் முன்பே அணைத்து, பனி உருகித் தண்ணீர் வடிந்ததும் துடைத்து, கதவை டேப்பால் கட்டுங்கள். நிறுத்தியேதான் ஏற்ற வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போதே டிரான்சிட் போல்ட் கொடுத்திருப்பார்கள். அதைப் பின்புறம் முடுக்கினால்தான் டிரம் ஆடாது. தொலைத்துவிட்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் வாங்குங்கள். ஆடும் டிரம் ஷாக் அப்சார்பரை முறித்துவிடும், பழுதுச் செலவு போல்ட் விலையைப்போலப் பல மடங்கு. அடியில் இருக்கும் ஃபில்டரைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள். டிவியை எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும், படுக்கவைத்தால் பேனல் நடுவில் வளைந்து விரியும்.

<b>காகிதம்</b>

குறைந்த கொட்டேஷன் கொடுத்துவிட்டு, சாமான் ஏறியதும் "லோடு அதிகம்" என்று இரண்டு மடங்கு கேட்பதும், கொடுக்கும் வரை வண்டியை நிறுத்திவைப்பதும் இந்தத் தொழிலில் நடக்கிற கொடுமை. அதைத் தடுப்பது நீங்கள் அளந்து வைத்த பட்டியல்தான். ஒவ்வொரு சாமானும், பெட்டி எண்ணிக்கையும், மொத்தக் கன அடியும், வண்டியின் அளவும், இரு பக்க மாடியும் எழுதி, ஜிஎஸ்டியோடு சேர்த்து மொத்தம் இவ்வளவு, இதற்கு மேல் எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் பத்திலிருந்து இருபது விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். மீதியில் ஒரு பகுதியை ஏற்றியபின் கொடுத்தாலும், கடைசித் தவணை சாமான் இறங்கியபிறகுதான். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் பில்லோடு பொருந்த வேண்டும். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

பேக்கிங், ஏற்றி இறக்குவது, போக்குவரத்து எல்லாம் சேர்ந்த பில்லுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி போடுவது வழக்கம். "பில் வேண்டாம் என்றால் அது மிச்சம்" என்று சொல்வார்கள். வேண்டாம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011 விதிகளும் சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின் இழப்பீட்டுப் பொறுப்பைச் செலுத்திய வாடகையின் பத்து மடங்கு வரை வைத்திருக்கின்றன, அதற்கு மேல் மதிப்பை நீங்கள் அறிவிக்காதபோது. எல்ஆர் எனப்படும் லாரி ரசீதில் வாடகை 20,000 என்று இருந்தால் இரண்டு லட்சம் வரை கேட்கலாம். ரசீதே இல்லை, அல்லது அதில் 3,000 என்று எழுதியிருக்கிறது என்றால் என்ன கேட்பீர்கள்? வழக்குப் போடுவதென்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆக்ட்ராய், நுழைவு வரி, செக்போஸ்ட் வரி என்று ஒரு வரி பில்லில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அவையெல்லாம் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. அதற்கென்று யாரும் காசு கேட்கக் கூடாது.

இன்ஷூரன்ஸ் என்று சொல்லி அறிவித்த மதிப்பில் 3 விழுக்காடு வரை வாங்குவார்கள். பல இடங்களில் அது இன்ஷூரன்ஸே இல்லை, அவர்களே எழுதிக்கொடுக்கும் ஒரு வெற்று உறுதி. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு, உங்கள் பெயரில், பாலிசிச் சான்று வருமா என்று கேளுங்கள். வந்தாலும் எந்தப் பிரிவு என்று பாருங்கள். இன்லாண்ட் டிரான்சிட் எனப்படும் உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் 'பி' பிரிவு தீ, வண்டி மோதல், கவிழ்தல் போன்றவற்றுக்குத்தான். கண்ணாடி உடைந்தால் கிடைக்காது. 'ஏ' பிரிவுதான் எல்லா அபாயத்துக்கும். பழைய சாமான்களாகவே கொண்டுபோகிறவர் நான்கு விலையுயர்ந்த பொருளின் மதிப்பை மட்டும் அறிவித்தால் போதும். புறப்படும் காலையில் ஒவ்வொரு சாமானையும் வீடியோ எடுத்துவையுங்கள், ஏற்கெனவே இருந்த கீறல் தெரியும்படி.

<b>வண்டி, கேஸ்</b>

இருசக்கர வண்டியை லாரியில் ஏற்றினால் அது 30, 40 கன அடியை அடைத்துக்கொள்ளும். ரயிலில் அனுப்புவது பெரும்பாலும் மலிவு. சென்ட்ரல், எழும்பூர் பார்சல் அலுவலகங்களில் ஆர்சி, அடையாள அட்டை நகல்களோடு ஒருநாள் முன்பே போக வேண்டும். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்க வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட்டையும் டேங்கையும் கோணியும் வைக்கோலும் சுற்றிக் கட்ட வேண்டும். வாசலில் கட்டிக்கொடுப்பவர்களிடம் முதலிலேயே கூலி பேசிவிடுங்கள். ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும் நிலையத்துக்கு அனுப்ப முடியாது. போய்ச் சேர்ந்ததும் உடனே எடுக்க வேண்டும், தாமதித்தால் வார்ஃபேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓடும்.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்கிருந்து படிவம் 28இல் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று, அங்கே ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள். 12 வருடப் பழைய ஸ்கூட்டருக்கு இவ்வளவும் செய்வதைவிட இங்கேயே விற்பது மேல்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். டெபாசிட்டும் திரும்ப வரும். புது ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு வாங்கலாம். இதைச் செய்யாமல் போனால் பழைய டெபாசிட் சென்னையிலேயே நிற்கும்.

நகை, பத்திரம், சான்றிதழ், மருந்து, லேப்டாப் இவை லாரிக்கு அல்ல. உங்கள் கையோடுதான்.

சாமான் இறங்கும்போது ஒருவர் வாசலில் பட்டியலோடு நின்று ஒவ்வொரு எண்ணாக அடிக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டும். கேரளத்துக்குப் போகிறவர்கள், இறக்காமலே பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலியை அங்கே 2018இலேயே தடை செய்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். "எல்லாம் நல்ல நிலையில் பெற்றேன்" என்ற தாளை டிரைவர் நீட்டுவார். டிவியையும் கண்ணாடிச் சாமானையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்திருந்தால் அதே தாளில் இன்னது உடைந்தது என்று எழுதி, கீழே டிரைவரின் கையெழுத்தையும் வாங்கி, படமெடுத்துக்கொண்டு, அதன் பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். ஃபிரிட்ஜை ஐந்தாறு மணி நேரம் சும்மா நிறுத்திவைத்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். வாஷிங் மெஷினின் டிரான்சிட் போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் ஓடவிட வேண்டும். கழற்றியதை அடுத்த தடவைக்கு மெஷினின் பின்புறமே ஒரு உறையில் போட்டு ஒட்டிவையுங்கள்.